தொலைபேசியில் தாதியர் துணை

இஷாத் தொழுகை முடிந்து கடைத்தெருவின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்த பின்னர், எங்கள் கல்முனைக் கரையோரத்தில் கடலின் ஓசை ஒன்றே எஞ்சி நிற்கும். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் இவ்வூர்களில், அந்த நேரத்திலும் முற்றாக உறங்காத வீடுகள் சில உண்டு. அவை தாதியர் வாழும் வீடுகள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், முதியவருக்குச் சீனி குறைந்து வியர்த்தாலும், முதலில் ஒலிப்பது அவ்வீட்டுத் தொலைபேசியேயாம்.

என்னிடம் கல்வி கற்றுப் பின்னர் தாதிய உத்தியோகத்தரான ஒருவரை அண்மையில் ஒரு திருமண வீட்டில் கண்டேன். "வேலை எப்படி மகள்?" என்று வினவினேன். "வாட்டில் பார்ப்பது பாதி வேலைதான் சேர். மீதிப் பாதி வீட்டுக்கு வந்த பிறகு போனில்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அச்சிரிப்பில் களைப்பும் இருந்தது. அந்த மீதிப் பாதி வேலைக்குச் சம்பளமும் இல்லை, பதிவேடும் இல்லை, பெயரும் இல்லை. உலகின் பல நாடுகளில் அதே வேலைக்குப் பெயர் உண்டு, பயிற்சி உண்டு, நெறிமுறை உண்டு. அதனைப் பற்றியே இன்று சிறிது விளக்க விரும்புகின்றேன்.

தொலைபேசியில் மருத்துவ ஆலோசனை கேட்பது புதுமையன்று. 1876 ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். மூன்றே ஆண்டுகள் சென்றபின், 1879 இல், இலண்டனில் வெளிவரும் 'லான்செற்' என்னும் மருத்துவ ஏடு ஒரு செய்தியை வெளியிட்டது. நள்ளிரவில் ஒரு குழந்தைக்கு இருமல். தொண்டையை அடைக்கும் கொடிய நோயோ என்று வீட்டார் அஞ்சி மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தனர். குழந்தையைக் கருவியின் அருகே தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அதன் இருமலைக் கேட்ட மருத்துவர், அஞ்சிய நோய் அதுவன்று என்று கூறினார். எல்லோரும் மீண்டும் உறங்கச் சென்றனர். இந்தச் சிறு நிகழ்ச்சியில் தொலைபேசி மருத்துவத்தின் பயனும் அடங்கியுள்ளது, ஆபத்தும் அடங்கியுள்ளது. மருத்துவர் சொன்னது சரியாக இருந்தால் ஒரு குடும்பம் நிம்மதியடைந்தது. பிழையாக இருந்திருப்பின்? கண்ணால் காணாமல், கையால் தொடாமல், காதை மட்டும் நம்பி ஒருவர் எப்படித் தீர்மானிப்பது?

இக்கேள்விக்கு விடை காண இங்கிலாந்தில் 1997 ஆம் ஆண்டில் ஒரு சோதனை நடத்தப்பட்டது. சாலிஸ்பரி நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த குடும்ப மருத்துவர்களுக்கு மாலையிலும் இரவிலும் வார இறுதியிலும் வரும் அழைப்புகளைப் பயிற்சி பெற்ற தாதியர் முதலில் ஏற்றனர். ஓராண்டில் 14,492 அழைப்புகள் ஆராயப்பட்டன. தாதியர் பணியில் இருந்த வேளைகளில் வந்த அழைப்புகளுள் 49.8 சதவீதம், அதாவது ஏறக்குறையப் பாதி, மருத்துவரிடம் செல்லாமலே அவர்களால் முடித்துவைக்கப்பட்டன. அதனால் மரணங்கள் கூடவில்லை. வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டோர் தொகையும் கூடவில்லை. 1998 இல் வெளியான இம்முடிவு பலருடைய ஐயத்தைப் போக்கியது. அதே ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்தின் மூன்று பகுதிகளில் தாதியரே பதில் சொல்லும் அரச தொலைபேசிச் சேவை தொடங்கி, 2000 ஆம் ஆண்டளவில் நாடு முழுவதும் பரவியது. சுவீடன் நாட்டில் 1177 என்ற இலக்கத்தை அழைத்தால், இரவோ பகலோ, பதிவுபெற்ற தாதி ஒருவரின் குரல் கேட்கும். அயலிலுள்ள தமிழ்நாட்டில் 104 என்னும் சுகாதார ஆலோசனை இலக்கம் 2013 இல் தொடங்கப்பட்டது.

அப்படியாயின், தொலைபேசியில் தாதி செய்வது யாது? நோய்க்குப் பெயர் சூட்டுவது அவருடைய வேலையன்று. மருந்து எழுதிக் கொடுப்பதும் அன்று. அவர் முன் மூன்று வாயில்கள் உள்ளன. ஒன்று, வீட்டிலேயே பராமரிக்கலாம். இரண்டு, நாளைக் காலை வைத்தியரிடம் காட்டவேண்டும். மூன்று, இந்தக் கணமே புறப்படவேண்டும். அழைப்பவர் எந்த வாயிலுக்குரியவர் என்பதை அறிந்து வழிகாட்டுவதே அவர் பணி. கொவிட் நோயாளரை வீட்டில் வைத்துப் பராமரித்த 2021 ஆம் ஆண்டை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 1904 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பும்போது, மூச்சுவிடச் சிரமம் என்றால் 'ஏ', காய்ச்சல் முதலியன என்றால் 'பி', குறிகள் இல்லை என்றால் 'சி' என ஓர் எழுத்தை முதலில் இடும்படி கேட்டனர். நூல் பிடித்தாற்போல நோயாளரை வகைப்படுத்துவதன் மிக எளிய வடிவம் அதுவே. தாதியோ மூன்றெழுத்தோடு நில்லாமல், முப்பது கேள்விகளால் அதனைச் செய்கின்றார்.

கேள்வி கேட்பது ஒரு கலை. ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்த எனக்கு இது நன்றாகத் தெரியும். "விளங்கியதா?" என்று வகுப்பில் கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் "ஓம்" என்பார்கள், அதனால் ஒன்றும் அறிய இயலாது. நவீன தாதியத்தின் முன்னோடியான புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் தாதியம் பற்றி 1860 அளவில் வெளியிட்ட நூலில் இதனையே வற்புறுத்தினார். நோயாளி நன்றாக உறங்கினாரா என்று கேட்பது பயனற்றது. எத்தனை மணி நேரம் உறங்கினார், எந்த வேளையில் உறங்கினார் என்று கேட்கவேண்டும் என்பது அவர் கருத்து. ஒருவருக்கு நல்ல உறக்கமாகத் தோன்றுவது மற்றொருவருக்கு உறக்கமே அல்லாததாகத் தோன்றலாம் அன்றோ? தொலைபேசியில் இவ்விதி இன்னும் கடுமையானது. "பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறதா?" என்று தாதி கேட்டால், அச்சமுற்ற தாய் ஆம் என்பாள், அச்சமறியாத தகப்பன் இல்லை என்பான். ஆகவே பயிற்சி பெற்ற தாதி அப்படிக் கேட்பதில்லை. "பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையை உயர்த்திவிட்டு வயிற்றைப் பாருங்கள். வயிறு எழும் ஒவ்வொரு தடவையும் எண்ணுங்கள். ஒரு நிமிடம் ஆனதும் நான் சொல்கின்றேன்" என்பார். இரண்டு மாதம் நிறையாத சிசு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட தடவை மூச்சு விட்டாலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தை 50 அல்லது அதற்கு மேலாக விட்டாலும், ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளை 40 அல்லது அதற்கு மேலாக விட்டாலும் அது விரைந்த சுவாசம் என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. தாயின் கண்ணே இங்கு தாதியின் கண்ணாகிவிடுகின்றது. அச்சம் ஓர் எண்ணாகின்றது. அந்த எண் ஒரு முடிவைத் தருகின்றது.

நல்ல ஆலோசனைக்கு மற்றோர் அடையாளமும் உண்டு. "பயப்பட ஒன்றுமில்லை" என்று கூறித் தொலைபேசியை வைத்துவிடுவது அரைகுறை ஆலோசனை. எந்தக் குறி தோன்றினால் மீண்டும் அழைக்கவேண்டும், எதைக் கண்டால் அழைக்காமலே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும் என்பதையும் சொல்லி, அதனைக் கேட்பவர் வாயால் திருப்பிச் சொல்லச் செய்து முடிப்பதே முழு ஆலோசனை. இதன் மதிப்பு எனக்கு 2017 ஆம் ஆண்டில் விளங்கிற்று.

அவ்வாண்டு இலங்கை முழுவதிலும் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். எங்கள் பாடசாலையில் ஆறாந் தரத்தில் ஒரே வாங்கில் அமரும் இரு சிறுவர்களும் ஒரே வாரத்தில் காய்ச்சலில் வீழ்ந்தனர். ஒருவனுடைய சாச்சி தாதி. அவர் நாள்தோறும் தொலைபேசியில் விசாரித்தார். பரசிற்றமோல் தவிர வேறு வலிநிவாரணி கொடுக்கவேண்டாம் என்றார். இபுபுரோபன், அஸ்பிரின் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும் என்பது அவர் அறிந்தது. மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். எல்லாவற்றிலும் முக்கியமாக, "காய்ச்சல் விட்ட நாளில்தான் கவனமாக இருக்கவேண்டும் ராத்தா" என்று பிள்ளையின் உம்மாவிடம் சொல்லிவைத்தார். டெங்கு நோயின் சூழ்ச்சி அதுவே. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் தணியும். அவ்வேளையிலேயே சிலருக்குச் சிறு இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்கும். கடும் வயிற்று நோவு, ஓயாத சத்தி, கைகால் குளிர்தல், சோர்ந்து கிடத்தல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை ஆகியவை அபாயக் குறிகள். அச்சிறுவன் உரிய வேளையில் வைத்தியசாலை சேர்ந்து, சில நாட்களில் வீடு திரும்பினான்.

மற்றவனுக்கு அப்படி ஒரு சாச்சி இல்லை. அவனுடைய வாப்பா கடற்றொழிலாளி. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. அல்லாஹ் காப்பாற்றினான் என்று வீட்டார் மகிழ்ந்தனர். பிள்ளை சோர்ந்து கிடந்ததைக் காய்ச்சலின் அசதி என்று எண்ணினர். மறுநாள் விடியற்காலை அவன் கைகால் குளிர்ந்த நிலையில் கொண்டுசெல்லப்பட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாட்கள் கிடந்தான். இறைவன் அருளால் அவனும் திரும்பி வந்தான். ஆனால் அந்த நாட்களில் வாங்கின் ஒரு பாதி வெறுமையாக இருந்ததை நான் மறக்கவில்லை. இரு வீடுகளிலும் அன்பு குறையவில்லை, தொலைபேசியும் இருந்தது. வேறுபட்டது ஒன்றே. ஒரு வீட்டுக்கு அழைப்பதற்கு ஒருவர் இருந்தார்; மற்ற வீட்டுக்கு எவரும் இல்லை.

நேயர்களே, இங்கு மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோய் முதலில் பேசுவது தாய்மொழியில். எங்கள் பகுதியில் 'வருத்தம்' என்றால் நோய். தமிழ்நாட்டில் அதே சொல்லுக்குத் துயரம் என்று பொருள் கொள்வர். நாங்கள் 'சத்தி' என்பதை அங்கே வாந்தி என்பர். 'களைப்பாக இருக்கிறது' என்று எங்கள் மூதாட்டி ஒருவர் கூறினால், அது வெறும் அசதியாகவும் இருக்கலாம். மூச்சுவிட முடியாத நிலையாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இடையில் உள்ளது ஓர் உயிரின் தூரம். இவ்வழக்குகளை அறிந்த ஒரு தாதி, "நடந்தால் களைக்கிறதா, படுத்தாலும் களைக்கிறதா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டு உண்மையை அறிந்துகொள்வார். வேற்று மொழியில் எழுதப்பட்ட கேள்விப் பட்டியலைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் படிப்பவரால் அது இயலாது.

யார் பேசுகின்றார் என்பதும் கவனிக்கத்தக்கது. எங்கள் வீடுகளில் பெண்ணின் நோயைக் கணவரோ தமையனோ எடுத்துரைப்பது வழக்கம். பிள்ளை பெற்று ஆறு நாளான பெண்ணுக்கு இரத்தப்போக்கு என்றால், "கொஞ்சம் போகிறதாம்" என்பதற்கு மேல் ஆணுக்குச் சொல்லத் தெரியாது. சொல்ல நாணமும் இருக்கும். மறுமுனையில் தாதியாக ஒரு பெண் இருந்து, "போனை அவவிடம் கொடுங்கள் தம்பி" என்று கேட்டு வாங்கி, எத்தனை மணிக்கு ஒரு தடவை துணி மாற்றுகின்றாள் என்று வினவினால், உண்மை வெளிப்படும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணி முற்றாக நனையுமாயின், அது உடனே புறப்படவேண்டிய நிலை. இந்த இடத்தில் தாதியின் குரல் மருத்துவ அறிவை மட்டுமன்றி நம்பிக்கையையும் சுமந்து வருகின்றது.

எங்கள் நாட்டில் தொலைபேசி வழி உதவி அறவே இல்லை என்று கூறுதல் தகாது. 1990 என்னும் இலவச அம்புலன்ஸ் சேவை 2016 ஆம் ஆண்டில் இந்திய உதவியுடன் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, 2018 முதல் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தில், மனம் உடைந்தோர் எந்த வேளையிலும் பேசலாம். கொவிட் காலத்தில் 1390 என்ற இலக்கம் வீடுகளில் இருந்த நோயாளருக்கு ஆலோசனை வழங்கியது. ஊர்தோறும் குடும்பநல உத்தியோகத்தர்கள் கர்ப்பிணித் தாய்மாரின் அழைப்புகளுக்குத் தத்தம் சொந்தத் தொலைபேசியிலேயே பதில் சொல்லி வருகின்றனர். ஆனால் அம்புலன்ஸ் அழைக்கும் அளவுக்குக் கடுமையும் இல்லை, விடியும்வரை பொறுக்கலாமா என்றும் தெரியவில்லை என்னும் நடுத்தர அச்சத்துக்கு, இரவில் இக்கரையோரம் இன்றும் பெரும்பாலும் நம்பியிருப்பது தெரிந்த தாதி ஒருவரின் தயவையே. கல்முனையிலிருந்து பொத்துவில் ஏறக்குறைய 70 கிலோமீற்றர். பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை நூறு கிலோமீற்றருக்கும் மேல். நள்ளிரவில் முச்சக்கர வண்டி பிடித்துப் புறப்படுவதா வேண்டாமா என்பது ஏழைக் குடும்பத்துக்கு ஒரு நாள் உழைப்பைப் பொறுத்த கேள்வியாகும்.

தயவு நல்லதே. அதனை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தயவுக்கு உறவு வேண்டும், பழக்கம் வேண்டும், துணிவும் வேண்டும். உரிமைக்கு ஓர் இலக்கம் மட்டும் போதும். மேலும், நித்திரைக் கண்ணோடு சொந்த வீட்டிலிருந்து பதில் சொல்லும் தாதிக்கு முன்னால் கேள்விப் பட்டியல் இல்லை. ஐயம் வந்தால் கேட்க அருகில் வைத்தியர் இல்லை. சொன்னது என்ன என்பதற்குப் பதிவும் இல்லை. ஏதேனும் பிழைத்துவிட்டால் பழி மட்டும் அவருக்கு உண்டு. பிரதேசந்தோறும் இரவில் இரு தாதியர், ஒரு தொலைபேசி, நெறிப்படுத்திய கேள்விகள், அழைத்தால் வரும் ஒரு வைத்தியர், ஒரு பதிவேடு என ஓர் ஒழுங்கு அமையுமாயின், செலவைவிட நன்மையே மிகும் என்பது என் துணிபு.

அத்தகைய ஒழுங்கை அமைப்போர் பிறநாட்டு அனுபவத்திலிருந்து இரு பாடங்களையும் கற்றுக்கொள்ளவேண்டும். இங்கிலாந்தின் தாதியர் சேவை 2014 இல் மூடப்பட்டு, அதனிடத்தில் வந்த 111 என்ற சேவையில், முதலில் பதில் சொல்வோர் குறுகிய பயிற்சி பெற்று, கணினி காட்டும் கேள்விகளை வாசிக்கும் ஊழியர்களாயினர். தாதியர் பின்வரிசைக்குச் சென்றனர். சிக்கனம் முதற் குரலையே மாற்றிவிடலாம் என்பது ஒரு பாடம். மற்றது இரகசியம் பற்றியது. சுவீடனில் 1177 சேவைக்கு வந்த ஏறக்குறைய 27 இலட்சம் அழைப்புகளின் ஒலிப்பதிவுகள் பாதுகாப்பற்ற கணினியொன்றில் யாரும் கேட்கக்கூடியவாறு கிடந்தமை 2019 இல் வெளிப்பட்டது. ஒருவர் வீட்டுச் செய்தி மாலைக்குள் ஊரறியும் எங்கள் சிற்றூர்களில், சொன்னது வெளியே போகாது என்ற உறுதி இல்லையேல் எவரும் உண்மையைச் சொல்லமாட்டார்.

ஒழுங்கு அமையும்வரை நாம் செய்யக்கூடியவையும் சில உண்டு. அழைக்குமுன், கிளினிக் கொப்பியையும் உண்ணும் மருந்துகளின் அட்டைகளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் வயது, நோய் தொடங்கிய நேரம், கடைசியாகக் கொடுத்த மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் குறியுங்கள். இயலுமாயின் நோயாளியையே பேசவிடுங்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். முகம் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை சோர்ந்து விழுந்தாலோ, பேச்சுக் குளறினாலோ ஆலோசனை கேட்டு நேரத்தைப் போக்காதீர்கள். 1990 ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள்ளேயே கொடுக்கப்படவேண்டும். அம்புலன்ஸ் வரும்போது அடையாளம் சொல்லப் பள்ளிவாசலோ பாடசாலையோ எப்பக்கம் என்பதைத் தெளிவாகக் கூறுங்கள். ஒருவரைச் சந்தியில் விளக்கோடு நிறுத்துங்கள்.

இன்னுமொன்று. உங்கள் அயலில் ஒரு தாதி இருப்பாராயின், மறுநாள் பகலில் ஒரு தடவை அழைத்து, பிள்ளை சுகமாக இருக்கின்றது என்று சொல்லுங்கள். என் பழைய மாணவி அன்று திருமண வீட்டில் சொன்ன கடைசிச் செய்தி அதுதான். இரவில் கேட்பவர்கள் பலர். காலையில் என்ன ஆயிற்று என்று சொல்பவர்கள் சிலரே. பதில் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்த பின்னர், அந்தப் பிள்ளையை எண்ணி விடியும்வரை விழித்திருந்த இரவுகள் தமக்குப் பல உண்டு என்றார் அவர்.